முழங்கால் பயிற்சியைக் கவனிக்கும் கேமரா

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெரியவர்களுக்குச் சில பயிற்சிகளைச் சொல்லி அனுப்புவார்கள். அவர்கள் செய்கிறார்களா என்று நாம் கேட்கிறோம். சரியாகச் செய்கிறார்களா என்று பார்ப்பதில்லை. வலிக்குப் பயந்து, நாற்காலியிலிருந்து எழும்போது பாரத்தையெல்லாம் நல்ல காலில் போட்டுவிடுவார்கள். காலைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னால் உடம்பையே சாய்ப்பார்கள். பத்து முறை என்ற கணக்கு முடிந்துவிடும்; பலவீனமான தசைக்கு வேலையே கிடைத்திருக்காது.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்கவே அசைவை உணரும் கேமராக்கள் பயன்படுகின்றன. 2010இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வீடியோ விளையாட்டுக்காக வெளியிட்ட 'கினெக்ட்' கருவி இதற்கு வழி திறந்தது. (விளையாட்டுப் பொருள் வைத்தியத்துக்கு வந்தது வேடிக்கைதான்.) கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, உடம்பின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அது அளக்கும். அதைக் கொண்டு தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் எனப் புள்ளி வைத்து, குச்சி மனிதன் போன்ற உருவத்தை விநாடிக்கு 30 முறை வரையும். உடம்பு சாய்ந்தால் திரையில் உடனே தெரிந்துவிடும். இன்று சாதாரண கைபேசி கேமராவை வைத்தே இதைச் செய்யும் செயலிகள் வந்துவிட்டன.

பலன் உண்டா? அமெரிக்காவில் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட 306 பேரிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான பிசியோதெரபி. மற்றவர்களுக்கு வீட்டிலேயே கேமரா வழிப் பயிற்சி. 12 வாரங்களில் கேமரா பிரிவினருக்குச் சராசரியாக 2,745 டாலர் செலவு குறைந்தது. கால் தேறியதில் அவர்கள் பின்தங்கவில்லை. ஆனால் அவர்களையும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் தொலைவிலிருந்து கண்காணித்தார். செயலியை மட்டும் இறக்கிவிட்டு அதே பலனை நாம் எதிர்பார்க்க முடியாது.

புடவை, கைலி, புர்கா போன்ற தளர்ந்த ஆடைகளுக்குள் முழங்கால் எங்கே மடங்குகிறது என்று கேமரா தடுமாறும். அதற்காக ஆடையை மாற்றச் சொன்னால், நம் வீட்டுப் பெண்களுக்கு அது சின்ன விஷயமல்ல. குச்சி உருவம் மட்டும் பதிவாகிறதா, வீடியோவும் சேர்ந்து போகிறதா, அதை யார் பார்ப்பார்கள், பெண் பிசியோதெரபிஸ்ட் கிடைப்பாரா என்பதையெல்லாம் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கேமராவுக்கு வலி தெரியாது. கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ வந்தால், திரை என்ன சொன்னாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அது இரத்தக் கட்டியாக இருக்கலாம்.