பற்றரி மேல் பழி போடுமுன்...



கிண்ணியா, மூதூர், தோப்பூர், குச்சவெளி என்று நமது திருகோணமலை மாவட்டத்து ஊர்களில் லொறியை நம்பி அடுப்பெரியும் வீடுகள் பல. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் சரக்கோடு போனால், இங்கிருந்து 100 கிலோமீற்றருக்கும் மேல். போனவர் அன்றிரவை லொறியிலேயே கழிக்க நேரும். அதற்காகப் பின்பக்கத்தில் ஒரு பாய், ஒரு சிறு மின்குமிழ், ஒரு மின்விசிறி. இவற்றுக்கென்று இரண்டாவதாக ஒரு பற்றரி. அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் லொறியின் மேல் சிறு வீடே கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்கள். அவர்களை வாட்டும் தொல்லையும் நம்மவர்களை வாட்டும் தொல்லையும் ஒன்றுதான்: இரண்டாவது பற்றரி நிறைவதில்லை!

இஷாவுக்குப் பின் சுழலும் விசிறி நடுநிசியில் நின்றுவிடுகிறது. "பற்றரி செத்துப் போச்சு, புதுசு வாங்க வேணும்" என்று வீட்டுக்குச் செய்தி வருகிறது. சீட்டுக் காசோ, அடகு வைத்த தோட்டின் காசோ கடைக்குப் போகிறது. சில மாதங்களில் புதியதும் அதே கதை! ஏன்? பல வேளைகளில் நோய் பற்றரியில் இல்லை. அதற்கு உணவு வந்து சேரும் பாதையில் இருக்கிறது. காசு உங்கள் கையிலிருந்து போகிறது. ஆகவே இந்தக் கணக்கை நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

மூன்று அளவுகள்

கடைகளில் கிடைக்கும் சாதாரண மல்டிமீற்றர் ஒன்று போதும். அதை நேர்மின்னோட்ட வோல்ற் அளவில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது: இரவு முழுவதும் எதையும் போடாமல் விட்டு, சுபஹுக்குப் பின் பின்பக்கப் பற்றரியை அளவுங்கள். 12.6 வோல்றுக்கு மேல் என்றால் நிறைவு. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே போனால் அது பட்டினி கிடக்கிறது. அப்படியே நாள்கணக்கில் விட்டால் உள்ளே ஈயத் தகடுகளில் உப்புப் படிவு இறுகி, நல்ல பற்றரியும் கெட்டுவிடும்.

இரண்டாவது: என்ஜினை ஓடவிட்டு முன்பக்கப் பற்றரியை அளவுங்கள். பொதுவாக 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். குறைந்தால் ஒல்டனேற்றரிலோ அதன் பெல்ட்டிலோ கோளாறு. அது கராஜுக்குரிய வேலை.

மூன்றாவது: என்ஜின் ஓடும்போதே பின்பக்கப் பற்றரியையும் அளவுங்கள். முன்னே 14.2, பின்னே 12.9 என்றால் கள்ளன் நடுவழியில் இருக்கிறான் என்று அர்த்தம்!

நடுவழியில் என்ன நடக்கிறது?

பெரும்பாலும் வயர் மெலிந்தது. வீட்டுக்கு வயரிங் செய்யும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரை முன்னிருந்து பின்னுக்கு 6 மீற்றர் இழுத்தால், போகவும் வரவும் 12 மீற்றர். அதில் 15 அம்பியர் ஓடினால் 1.3 வோல்ற் வழியிலேயே சூடாகிக் கரைந்துவிடும். 16 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு 0.2 வோல்ற் அளவுதான். புதிய பற்றரியின் விலையோடு நல்ல வயரின் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது நமது கடற்காற்று. கொட்டியாரக் குடாவைச் சுற்றி வாழும் நமக்கு உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? பற்றரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு பூக்கிறது. வயர் லொறியின் இரும்புச் சட்டத்தில் இணையும் இடத்தில் துரு ஏறுகிறது. முனையைக் கழற்றி, வெந்நீரில் அப்பச்சோடாவைக் கரைத்துத் துலக்கி, நன்றாக உலர்த்தி, இறுக்கிப் பூட்டி, மேலே வாசலின் பூசுங்கள். கரைசல் பற்றரி மூடிகளுக்குள் இறங்கிவிடக் கூடாது. பியூஸையும் ரிலேயையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

சில புதிய வாகனங்களில் எரிபொருளை மிச்சப்படுத்த ஒல்டனேற்றரே வோல்ற்றைக் குறைத்துக்கொள்ளும். அவற்றுக்கு இரண்டு பற்றரிகளுக்கும் நடுவே தனிச் சார்ஜர் ஒன்று தேவை.

வரவும் செலவும்

எல்லாம் சரியாக இருந்தும் குறைகிறதா? அப்படியானால் வரவு செலவுக் கணக்கைப் போடுங்கள். 1.5 அம்பியர் இழுக்கும் விசிறி எட்டு மணி நேரத்தில் 12 அம்பியர்-மணி உண்ணும். பகலில் கிண்ணியாவிலிருந்து பட்டணத்துக்கு அரைமணி நேர ஓட்டத்தில் 15 அம்பியர் வீதம் ஏறினாலும் வருவது 7.5 தான். தினமும் கடன்! தம்புள்ளை போன்ற நீண்ட ஓட்டமோ, கூரையில் ஒரு சோலர் தகடோ இருந்தால்தான் அந்தக் கடன் தீரும்.

இத்தனையும் பார்த்த பிறகும், நிறைய ஏற்றிய பற்றரி சிறு மின்குமிழுக்கே ஒரு மாலைப்பொழுதில் 12க்குக் கீழ் இறங்கினால், அதன் ஆயுள் முடிந்தது. அப்போது புதியது வாங்குவது வீண்விரயம் அல்ல.

கவனம், சகோதரிகளே!

பற்றரியில் கை வைக்குமுன் என்ஜினை நிறுத்தி, காப்பையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். இரு முனைகளையும் உலோகம் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து சதையைச் சுட்டுவிடும். கழற்றும்போது மைனஸ் முனை முதலில். பூட்டும்போது அதுவே கடைசியில். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைதரசன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். எனவே அடுப்போ சிகரெட்டோ அருகில் வேண்டாம். படுக்கும் இடத்தில் மூடிய பெட்டிக்குள்ளும் வேண்டாம். மூடி திறக்கும் பற்றரியாயின் தகடுகள் மூழ்கும்படி காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள். கிணற்று நீர் கூடாது. மேலும் அமிலம் சேர்ப்பதும் கூடாது. அமிலம் கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். பழைய பற்றரியை வீட்டு முற்றத்தில் உடைக்க யாரையும் விடாதீர்கள். அதிலுள்ள ஈயம் பிள்ளைகளின் மூளைக்கு நஞ்சு.

2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது பற்றரியின் அருமையை எல்லா வீடுகளும் உணர்ந்தன. வீட்டில் இன்வேட்டர் வைத்திருப்போருக்கும் இதே பாடம்தான். என்ஜினின் இடத்தில் அங்கே இன்வேட்டரின் சார்ஜர்.

அடுத்த முறை "புதுசு வாங்க வேணும்" என்ற செய்தி வந்தால், சீட்டுக் காசை எடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "என்ஜின் ஓடும்போது முன்னே எத்தனை வோல்ற், பின்னே எத்தனை?" பதிலைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு கடைக்குப் போவதா கராஜுக்குப் போவதா என்று இருவரும் கலந்து முடிவு செய்யுங்கள்.