பூச்சிட்ட நுண்புழைக் குழாய்

பூச்சிட்ட நுண்புழைக் குழாய் என்பது, நுண்புழை மின்முனைக் கவர்ச்சி முறையில் வேதிப்பொருள்களைப் பிரிப்பதற்காக உட்சுவரின் இயல்பு மாற்றப்பட்ட சிலிக்கா குழாய் ஆகும். இதன் உள்விட்டம் பெரும்பாலும் 50 முதல் 75 மைக்ரோமீட்டர். ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். வெளியே உள்ள பழுப்பு நிறப் பாலியிமைடு உறை குழாய் ஒடியாமல் காக்கிறது. 1981இல் ஜோர்கன்சன், லூகாக்ஸ் ஆகியோர் 75 மைக்ரோமீட்டர் கண்ணாடிக் குழாயில் செய்து காட்டிய பிரிப்புகளுக்குப் பின் இம்முறை பரவலாயிற்று.

பூச்சின் தேவை

சிலிக்கா சுவரில் உள்ள சிலனால் தொகுதிகள், பிஎச் சுமார் 3க்கு மேல் ஹைட்ரஜன் அயனியை இழந்து எதிர்மின்சுமை பெறுகின்றன. சுவரை ஒட்டிச் சேரும் நேரயனிகள் மின்புலத்தில் நகரும்போது கரைசல் முழுவதையும் எதிர்மின்வாயை நோக்கி இழுத்துச் செல்கின்றன. இதுவே மின்னாற் சவ்வூடு பரவல் எனப்படும் ஓட்டம். (குழாயில் சவ்வு எதுவும் இல்லை, பழைய பெயர் நிலைத்துவிட்டது.) இந்த ஓட்டம் பல வேளைகளில் பயனுள்ளதே. ஆனால் நேர்மின்சுமை மிகுந்த புரதங்கள் சுவரில் ஒட்டிக்கொள்வதுதான் பெருந்தொல்லை. கூராக வர வேண்டிய முகடு வால் நீண்டு வரும்; சில புரதங்கள் வெளியே வருவதே இல்லை.

தயாரிப்பு

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெல்லான் யெர்டேன் 1985இல் வெளியிட்ட முறை இன்றும் அடிப்படையாக உள்ளது. ஒளி புகும் சாளரத்துக்காகப் பாலியிமைடு உறையைச் சிறிதளவு எரித்து நீக்குவதை முதலிலேயே முடித்துவிட வேண்டும். பின்னர் சூடுபடுத்தினால் பூச்சு கருகும். அடுத்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் கழுவிச் சிலனால் தொகுதிகளை வெளிப்படுத்தி, நீரால் அலச வேண்டும்.

இனி இணைப்பான். மெத்தாக்ரிலாக்சிபுரோப்பைல் டிரைமெத்தாக்சிசிலேன் என்ற சேர்மத்தின் ஒரு முனை சுவருடன் சகப்பிணைப்பு கொள்ளும். மறுமுனையில் இரட்டைப் பிணைப்பு எஞ்சியிருக்கும். பிறகு 3 அல்லது 4 விழுக்காடு அக்ரிலமைடு கரைசலை, பெர்சல்பேட்டு போன்ற தொடக்கியுடன் கலந்து உடனே உட்செலுத்தினால், சுவரிலிருந்தே பலபடிச் சங்கிலிகள் வளரும். கரைந்துள்ள ஆக்சிஜன் பலபடியாதலைத் தடுக்கும் என்பதால் கரைசலிலிருந்து காற்றை முன்பே நீக்குவது கட்டாயம்; பூச்சு சீரற்றுப் போவதற்கு இதில் காட்டும் அலட்சியம் ஒரு முக்கியக் காரணம். குறுக்குப்பிணைப்பான் சேர்க்கக்கூடாது, சேர்த்தால் கரைசல் கூழாகிக் குழாய் அடைத்துக்கொள்ளும். மிகுதிக் கரைசலை நீரால் வெளியேற்றிவிடலாம். பலபடியாகாத அக்ரிலமைடு நரம்பு நச்சு என்பதால் கையுறை இன்றித் தொடக்கூடாது.

சோதனையும் பராமரிப்பும்

மின்சுமையற்ற டைமெத்தில் சல்பாக்சைடைச் செலுத்திப் பார்க்கலாம். அது வெறும் குழாயில் ஓட்டத்துடன் சில நிமிடங்களில் வந்துவிடும்; நல்ல பூச்சுள்ள குழாயில் ஏறக்குறைய நகராது. ஓட்டம் இல்லாததால் நேர், எதிர் அயனிகள் எதிரெதிர்த் திசையில் செல்லும். ஒரு முறையில் ஒரு வகையை மட்டுமே காண முடியும். காரக் கரைசல் சிலேன் பிணைப்பை அறுத்துவிடும். ஆகவே பிஎச் 8க்கு மேல் நெடுநேரம் பயன்படுத்துவதில்லை. வெறும் குழாயை வழக்கமாகக் கழுவும் சோடியம் ஹைட்ராக்சைடும் இதற்கு ஆகாது. நீரும் தாங்கல் கரைசலுமே போதும்.