கயிறு, கல், பூ

தரையில் ஒரு கயிற்றை நீளமாகப் போடுகிறார் ஆசிரியர். ஒரு நுனி, மாணவன் பிறந்த நாள். மறு நுனியைச் சுருட்டியபடியே விடுகிறார். அது இனி வரப்போகும் காலம். பக்கத்தில் கொஞ்சம் பூ, கொஞ்சம் கல். வாழ்க்கையில் நடந்த நல்லதற்கெல்லாம் பூ, கெட்டதற்குக் கல். ஷெல் விழுந்த நாளுக்குப் பெரிய கல்லாகத் தேடி எடுக்கிறான். தங்கச்சி பிறந்ததற்கு ஒரு செவ்வரத்தம் பூ. சிறிது நேரத்தில் ஒரு வாழ்க்கை வரிசைக்கு வந்துவிடுகிறது. செலவு என்று பார்த்தால் கயிற்றின் விலைதான்.

விளையாட்டுப் போலத் தெரியும் இது கதைவழிச் சிகிச்சையின் முதல் படி. அதாவது, அதிர்ச்சி தந்த சம்பவத்தை ஆதியோடந்தமாகச் சொல்லவைத்தே அதன் கடுமையைத் தணிக்கும் முறை. ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் இதை வகுத்தார்கள். 2000களின் முற்பகுதியில் இலங்கையின் வடபகுதித் தமிழ் ஆசிரியர்கள் இதில் நீண்ட பயிற்சி பெற்று உளவளத்துணையாளர்களாக, அதாவது கேட்டும் கதைத்தும் மனச்சுமை குறைப்பவர்களாக, ஆனார்கள்.

கதைத்தால் எப்படிக் குணமாகும்? சாதாரண நினைவுக்கு இடமும் நேரமும் உண்டு. நேற்றுச் சாப்பிட்டது நேற்றைக்கு உரியது என்று மூளைக்குத் தெரியும். அந்த முகவரியை எழுதுவது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. பயத்தைப் பதிவது அமிக்டலா. உயிர் போகும் பீதியில் அமிக்டலா சத்தம், மணம், நெஞ்சடிப்பு எல்லாவற்றையும் ஆழமாகப் பதிந்துவிட, முகவரி மட்டும் சரியாக ஒட்டாமல் போகிறது என்பது இம்முறையை வகுத்தவர்களின் விளக்கம். அதனால்தான் கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினாலும் உடம்பு பங்கருக்குள் ஓடப் பார்க்கிறது. மூளையைப் பொறுத்தவரை அந்த ஷெல் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.

ஆகவே துணையாளர் ஆறுதல் சொல்வதில்லை. கேள்வி கேட்கிறார். “அந்த நேரம் எங்க நிண்டனீர்? பகலா, பொழுதுபட்டிட்டுதா? என்ன மணம் வந்தது? இப்ப அதைச் சொல்லேக்கை நெஞ்சு எப்பிடி இருக்கு?” ஒவ்வொரு கேள்வியும் ஒரு வேலை செய்கிறது. முதல் இரண்டும் முகவரியை ஒட்டுகின்றன. மூன்றாவது புலன்பதிவை வெளியே இழுக்கிறது. நான்காவது, அது அன்று, இது இன்று என்று பிரித்துக் காட்டுகிறது. பயம் உச்சத்தில் இருக்கும்போது கதையை நிறுத்தக் கூடாது. அது இறங்கும்வரை கூட இருக்க வேண்டும். அனுபவம் இல்லாதவர் தடுக்கி விழும் இடமும் இதுதான். அழுகிற பிள்ளையைப் பார்த்தால் “சரி, விடும்” என்று சொல்லத்தானே நமக்கு வாய் வரும்?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு வடகிழக்குக் கரை முகாமொன்றில் இது சோதிக்கப்பட்டது. 31 பிள்ளைகள். ஒரு பகுதியினருக்கு ஆறு அமர்வுகள் கதைவழிச் சிகிச்சை, மற்றவர்களுக்கு ஆறு அமர்வுகள் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 81 சதவீதமானோரும் இரண்டாவதில் 71 சதவீதமானோரும் தேறியிருந்தார்கள். இத்தனை சிறிய ஆய்வில் அந்தப் பத்துப் புள்ளி இடைவெளியை வெற்றி தோல்வியாக எடுக்க முடியாது. சிகிச்சையே பெறாத குழுவொன்று இல்லாததால், காலமே ஆற்றியது எவ்வளவு என்பதும் தெரியாது. எனக்கு வியப்பு இரண்டாவது குழுதான். மூச்சை மட்டும் கவனித்த பிள்ளைகள் எப்படி இவ்வளவு தூரம் வந்தார்கள்?

விடையின் ஒரு நுனி யாழ்ப்பாணத்திலேயே இருந்தது. 1987இல் தொடங்கிய ‘சாந்திகம்’ உளவளத்துணை நிலையத்தோடு சேர்ந்து உழைத்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தமக்கு முன்னால் வந்து அமர்ந்தவர்கள் துக்கம் என்று வாய்திறந்து சொல்வதைவிட “பெருமூச்சு வருது” என்று சொல்வதைக் குறித்துவைத்தார். சாந்தி ஆசனம், மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ரு என்று அவரவர் வீட்டில் ஏற்கெனவே இருந்ததையே மருந்தாக்கினார். இதற்கு உடலியல் ஆதாரம் இத்தாலியிலிருந்து வந்தது. 2001இல் 23 பேரைச் செபமாலையும் பௌத்த மந்திரமும் சொல்லவைத்து அளந்தபோது, இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறாகக் குறைந்தது. வழக்கமாக நாம் அதைப்போல் இரண்டு மடங்காவது விடுகிறோம். மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. நீண்ட வரியைச் சொல்பவர் தன்னை அறியாமலே நீளமாக மூச்சை விடுகிறார்.

இப்படி ஊரிலே இருக்கும் ஆளையும் ஊரிலே இருக்கும் வழியையும் தேடியதற்குக் காரணம் எண்ணிக்கை. அதன் அளவு பின்னர் தெளிவானது: போர் முடிந்த கையோடு, 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் நடந்த ஆய்வில் 22.2 சதவீதமானோருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள், 32.6 சதவீதமானோருக்குப் பதகளிப்பின் அறிகுறிகள். மூன்றில் ஒருவர் என்றால் எந்த வைத்தியசாலை தாங்கும்? அந்த ஆய்வுக்கு முன்பே தயா சோமசுந்தரமும் இன்னோர் உளமருத்துவரான சா. சிவயோகனும் ஆசிரியர், கிராம அலுவலர், பூசகர், நாட்டுவைத்தியர் என்று சனங்கள் முதலில் தேடிப் போகும் ஆட்களுக்கென்றே தமிழ்ச் சமுதாயத்தின் உளநலம் பற்றிக் கைநூல் எழுதியிருந்தார்கள்.

இதே துணையாளரிடம் வரும் குடிப் பிரச்சினையின் கணக்கு வேறு. இங்கே கருவி பத்தே கேள்விகள் கொண்ட ஒரு தாள். ஆறு நாடுகளில் பரீட்சித்து உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. 40 புள்ளியில் எட்டு வந்தால் கவனம். இருபது வந்தால் மருத்துவரிடம் அனுப்பு. முதல் மூன்று கேள்விகள் அளவைப் பற்றியவை. ஒரு போத்தல் கள்ளில் சுமார் 30 கிராம் மதுசாரம். கால் போத்தல் சாராயத்தில் 48 கிராம் அளவில். “நான் கால்தான் எடுக்கிறனான்” என்பவர் ஒன்றரைப் போத்தல் கள்ளுக்குச் சமமாகக் குடித்திருக்கிறார். கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்புக்கு இந்தக் கணக்கும் செல்லாது; அதில் என்ன இருக்கிறதென்று காய்ச்சியவருக்கே தெரியாது.

பிறகு பேச்சு. “குடியை விடும் அண்ணை” என்று சொன்னால் எதிர்வாதம்தான் வரும். அதனால் துணையாளர், குடிப்பதில் உங்களுக்கு என்ன பிடிக்கும், எது பிடிக்காது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார். விடவேண்டிய காரணத்தை அவரே தன் வாயால் சொல்லவேண்டும். பிறர் சொன்னதை மறுக்கலாம், தான் சொன்னதை மறுப்பது கஷ்டம். கோவாவில் முன்பின் உளவியல் படிக்காத ஊர்க்காரர்களைப் பயிற்றி, அதிகபட்சம் நான்கு அமர்வுகள் என்று 377 ஆண்களிடம் இதைப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த முடிவு: மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, இந்தப் பேச்சைப் பெற்றவர்களில் முந்தைய பதினான்கு நாளும் தொடாமல் இருந்தவர்கள் 42 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 18.

ஆனால் தினமும் கடுமையாகக் குடித்தவர் உணர்ச்சிவசப்பட்டு ஒரே நாளில் நிறுத்திவிட்டால் துணையாளர் மகிழ்வதில்லை, பதறுகிறார். மதுசாரம் மூளையை அமைதிப்படுத்தும். அதை ஈடுகட்ட மூளை வருடக்கணக்கில் தன் கிளர்ச்சியைக் கூட்டிவைத்திருக்கும். கயிறிழுத்தலில் ஒரு பக்கம் திடீரென்று கையை விட்டதுபோல், மறுபக்கம் மல்லாக்க விழுகிறது. முதல் நாள் கை நடுக்கம், வியர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் அளவில் இல்லாத பூச்சி கையில் ஊருவது தெரியலாம். அந்தக் கட்டம் உயிரையும் எடுக்கும். அதனால் பயிற்சியில் திரும்பத் திரும்பக் கேட்கவைக்கும் கேள்வி, “காலமை எழும்பினவுடன் கை நடுங்குதோ?” என்பது. ஆமென்றால் கதை அங்கேயே நிற்கும். கட்டணமில்லாத அரச வைத்தியசாலைக்கு அன்றைக்கே துண்டு எழுதப்படும். அங்கே குளுக்கோஸ் சேலைனுக்கு முன்னால் ஏறுவது வைற்றமின் பி1.