செடி மூச்சு விடுவது எப்போது?

"மனிதன் பிராணவாயுவைச் சுவாசிக்கிறான், செடியோ கரியமிலவாயுவைச் சுவாசிக்கிறது" என்று வகுப்பறைகளில் சொல்லக் கேட்கிறோம். நினைவில் நிறுத்த எளிதாயினும் இக்கூற்று பிழையானது. உணவாக்கத்தையும் மூச்சையும் ஒன்றெனக் கொண்டதால் நேர்ந்த பிழை இது.

1771-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பார், மெழுகுவத்தி எரிந்து அணைந்த கண்ணாடிக் கலத்துள் புதினாக் கொத்து ஒன்றை வைத்தார். சில நாட்கள் கழித்து அக்காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிந்தது. செடி காற்றைத் திருத்துகிறது என்பது இதனால் விளங்கிற்று. ஆனால் எப்போது திருத்துகிறது? நெதர்லாந்து மருத்துவர் யான் இங்கென்ஹவுஸ் 1779-இல் விடை கண்டார். பச்சைப் பகுதிகளே, அதுவும் ஒளியிலேயே, காற்றைத் திருத்துகின்றன. இருளிலோ செடியும் விலங்கைப் போலவே காற்றைக் கெடுக்கிறது என்றார் அவர்.

இதன் காரணம் உயிரணுவில் இருக்கிறது. விலங்கின் உயிரணுவில் காணப்படாத மூன்று, பச்சை இலையின் உயிரணுவில் உண்டு: செல்லுலோஸால் ஆன உறுதியான சுவர், நடுவே சாறு நிறைந்த பெருங்குமிழ், பச்சையம் பொதிந்த பசுங்கணிகம் என்பன அவை. பசுங்கணிகமே செடியின் அடுக்களை. கதிரவன் ஒளியின் துணையால் அது நீரையும் கரியமிலவாயுவையும் கொண்டு சர்க்கரையை ஆக்குகிறது. இதுவே ஒளிச்சேர்க்கை. அப்போது வெளிப்படும் பிராணவாயு நீரிலிருந்தே பிறக்கிறது. எடை மிகுந்த பிராணவாயு அமைந்த நீரைப் பாசிக்கு அளித்து, 1941-இல் அமெரிக்க அறிஞர்களான ரூபனும் கேமனும் தம் துணைவரோடு இதனைக் காட்டினர்.

விலங்கணுவில் உள்ள இழைமணியோ தாவர அணுவிலும் உண்டு. பிராணவாயுவின் துணையால் சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறுவது அதன் தொழில். அதுவே மூச்சு. அது பகலிலும் நிற்பதில்லை, இரவிலும் நிற்பதில்லை. நல்ல வெயிலில் உணவாக்கம் மூச்சினும் மிகுதியாக நடைபெறுவதால், செடி பிராணவாயுவை வெளிவிடுவது மட்டுமே நமக்குப் புலப்படுகிறது, அவ்வளவே.

உருப்பெருக்கியில் வெங்காயத்தின் உட்தோலை மாணவர்க்குக் காட்டுங்கள். அணுச்சுவர் தெரியும், பசுங்கணிகம் இராது. வேரின் நிலையும் இதுவே. இலை சமைத்தனுப்பும் உணவைக் கொண்டு, மண்ணின் இடுக்குகளிலுள்ள காற்றால் மூச்சு விட்டு அது வாழ்கிறது.

பூச்சட்டியில் நீர் தேங்கினால் செடி வாடுவது ஏன் என்று ஒரு மாணவன் கேட்கட்டும். "செடி கரியமிலவாயுவைச் சுவாசிக்கிறது" என்று கற்றவனுக்கு விடை தோன்றாது. தேங்கிய நீரால் வேருக்குப் பிராணவாயு கிட்டாமற் போயிற்று என்பதே விடை. ஆதலின் ஆசிரியர்கள் இவ்விரு சொற்களையும் பிரித்தே வழங்குவாராக: உணவாக்கம் பச்சை அணுக்களின் தொழில், மூச்சு, செடியின் உயிருள்ள அணுக்கள் அனைத்துக்கும் உரியது.