குழாய் வேலையும் கல்நார்த் தூசியும்

நம்மவர் பலர் குழாய் வேலையில் இருப்பதால் இதை எழுதுகிறோம். பிரித்தானியாவில் கல்நார் (அஸ்பெஸ்ரஸ்) 1999இல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. ஆயினும் 2000ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய கட்டடங்களில், பழைய குழாய்களையும் கொதிகலன்களையும் சுற்றிய உறைகளில் அது இன்னும் இருக்கலாம்.

உறையை வெட்டும்போது எழும் நுண்ணிய இழைகள் கண்ணுக்குத் தெரியா. உடனே இருமலும் வராது. நுரையீரல் உறையில் புற்றுநோய் வெளிப்பட 20 முதல் 50 வருடங்கள்கூடச் செல்லலாம். புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்கு.

சந்தேகமென்றால் வேலையை நிறுத்துங்கள். பாடசாலை, அலுவலகம் போன்ற இடங்களில் தொடங்குமுன்பே கல்நார்ப் பதிவேட்டைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தூசியைத் தும்புத்தடியால் கூட்டாதீர்கள். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அதைத் தோய்த்த மனைவியரும் நோயுற்றிருக்கிறார்கள். மூச்சிளைப்பென்று எங்களிடம் வரும்போது, விட்டுவிட்ட பழைய தொழிலையும் மறக்காமல் சொல்லுங்கள்.