எல்.இ.டி. மாட்டியதும் இண்டிகேட்டர் படபடப்பது ஏன்?

வாகனங்களின் இண்டிகேட்டர் விளக்கு நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மின்ன வேண்டும் என்பது விதி. இழை பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு மாட்டியதும் பல வண்டிகளில் இந்த வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இது பெரும்பாலும் புது பல்பின் பழுதல்ல. வண்டி ஓட்டுநருக்குத் தரும் எச்சரிக்கை.

விளக்கை விட்டுவிட்டு எரிய வைப்பது பிளாஷர் ரிலே. மின்னணு பிளாஷர், தன் வழியே எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதையும் கவனிக்கிறது. காரில் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று 1.75 ஆம்பியர் இழுக்கும். முன்னும் பின்னும் சேர்ந்தால் 3.5 ஆம்பியர். ஒரு பல்பு பியூஸ் போனால் இது பாதியாகும். உடனே பிளாஷர் வேகத்தைக் கூட்டி அதைத் தெரிவிக்கும். 3 வாட் எல்.இ.டி. இழுப்பதோ கால் ஆம்பியர்தான். ஆகவே இரண்டு பல்பும் நன்றாக எரியும்போதே, பல்பு போய்விட்டதாக பிளாஷர் எடுத்துக்கொள்கிறது. மிகப் பழைய வண்டிகளில் உலோகத் தகடு சூடேறி இயங்கும் பிளாஷர் இருக்கும். மின்சாரம் குறைந்தால் தகடு போதிய அளவு சூடாகாது. விளக்கு மின்னாமலே நின்றுவிடலாம்.

செலவு செய்யும் முன் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். எல்.இ.டி.க்கு பிளஸ், மைனஸ் உண்டு. சிலவகை ஹோல்டர்களில் திருப்பி மாட்டினால் எரியாது. துருப்பிடித்த ஹோல்டரும் தளர்ந்த எர்த் ஒயரும் இதே கோளாறைத் தரும். பழைய பல்புகளைத் திரும்ப மாட்டியதும் வேகம் சரியானால், ஒயரிங்கில் குறையில்லை.

தனி பிளாஷர் உள்ள வண்டிகளுக்குச் சிறந்த வழி, எல்.இ.டி.க்கென்றே வரும் பிளாஷரை மாட்டுவது. மின்சாரம் எவ்வளவு குறைந்தாலும் அதன் வேகம் மாறாது. பின்களின் எண்ணிக்கையும் வரிசையும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். எர்த் ஒயர் தனியாக வந்தால் அதை வண்டியின் உலோகப் பாகத்தில் இணைக்க வேண்டும். இதில் ஓர் இழப்பு உண்டு: பின்னாளில் பல்பு போனாலும் பெரும்பாலான பிளாஷர்கள் காட்டிக்கொடுக்காது.

புதிய கார்கள் பலவற்றில் தனி பிளாஷர் கிடையாது. கம்ப்யூட்டரே விளக்கை இயக்குகிறது. சில மாடல்களில் ஒர்க்‌ஷாப்பில் செட்டிங்கை மாற்றலாம். இல்லையேல் பல்புக்கு இணையாக ரெசிஸ்டர் போட வேண்டும். 21 வாட் பல்புக்கு 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் வழக்கம். பைக்கின் 10 வாட் பல்புக்கு 15 ஓம் அளவு போதும். 6 ஓம் ரெசிஸ்டர் 12 வோல்ட்டில் 24 வாட் வெப்பத்தைக் கக்கும். இன்ஜின் ஓடும்போது இன்னும் கூடும். கை சுடும் இந்தச் சூட்டில் பிளாஸ்டிக் உருகும். எனவே அதை உலோகத்தில் மட்டுமே, ஒயர்களிலிருந்து தள்ளிப் பொருத்த வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எல்.இ.டி.யின் நன்மையும் விளக்கு மின்னும் நேரத்தில் இதனால் போய்விடுகிறது. ரெசிஸ்டர் உள்ளேயே அமைந்த பல்புகளும் கிடைக்கின்றன. அவற்றில் அந்தச் சூடு பல்புக்குள்ளேயே தங்கும்.

மீட்டரில் இரு பக்கத்துக்கும் ஒரே இண்டிகேட்டர் விளக்கு உள்ள பைக்குகளில் வேறொரு சிக்கல் வரும்: ஒரு பக்கம் போட்டால் நான்கும் மின்னும். அந்தச் சிறு விளக்கு இடது, வலது ஒயர்களுக்கு நடுவே இணைந்திருப்பதே காரணம். அதன் வழியே கசியும் மின்சாரம் இழை பல்பை எரிக்காது, எல்.இ.டி.யை எரித்துவிடும். இரு ஒயர்களிலிருந்தும் தலா ஒரு டயோடு வழியாக அந்த விளக்கின் ஒரு முனைக்கு இணைப்புக் கொடுத்து, மறுமுனையை எர்த்தில் சேர்த்தால் இது தீரும்.

வேலை முடிந்ததும் இரு பக்கத்தையும் தனித்தனியே போட்டு, ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிச்சம் ஆரஞ்சு மஞ்சளாகவும், பட்டப்பகலில் பின்னால் வருபவர் கண்ணில் படும்படியும் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் பழைய பல்பே பாதுகாப்பானது.