மடிக்கணினியின் சாவி யார் கையில்?

புது வீடு ஒன்று கட்டுகிறோம். உறுதியான கதவு வைக்கிறோம். நல்ல பூட்டும் போடுகிறோம். சாவியை மட்டும் அயலார் ஒருவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குவோமா? மாட்டோம்! ஆனால், நம் கடிதங்கள், நாட்குறிப்பு, குடும்பப் படங்கள், வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தும் குடியிருக்கும் மடிக்கணினியை வாங்கும்போது இந்தக் கேள்வியை நாம் கேட்பதேயில்லை. விலை உயர்ந்தால் பாதுகாப்பும் உயரும் என்று நம்பிவிடுகிறோம். இது சரிதானா? சற்று ஆராய்வோம்.

விண்டோஸ் 11 ஹோம் பதிப்புள்ள கணினியை முதன்முதலில் இயக்கும்போது, இணையத் தொடர்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கப்படுகின்றன. நம் கோப்புகளை அது பூட்டி வைப்பது நன்மையே. ஆயினும், அப்பூட்டின் மீட்புச் சாவி பொதுவாக அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படுகிறது. மறதி உள்ளவர்களுக்கு இது உதவிதான். எனினும், சாவியின் நகல் நம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது அல்லவா?

இங்கேதான் லினக்ஸ் நம் கவனத்தைக் கவர்கிறது. 1991-ஆம் ஆண்டு, பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தமது 21-ஆம் வயதில் தொடங்கிய முயற்சி இது. இதன் மூல நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம், திருத்தவும் செய்யலாம். சமையலறையைத் திறந்து காட்டும் உணவு விடுதி போன்றது எனலாம். கோப்புகளைப் பூட்ட இதில் 'லக்ஸ்' என்றொரு முறை உண்டு. (சோப்பின் பெயரன்று!) அதன் கடவுச்சொல் நம்மிடம் மட்டுமே இருக்கும். அதை மறந்து, வேறு நகலும் வைக்காவிட்டால், எவராலும் திறந்து தர முடியாது. உரிமையோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

சரி, லினக்ஸ் உபயோகிக்க விரும்புவோர் எத்தகைய மடிக்கணினியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

முதலாவது, லினக்ஸுடனேயே விற்கப்படும் வகை உண்டா என்று பார்க்க வேண்டும். டெல் நிறுவனம் 2012-இல் எக்ஸ்.பி.எஸ். 13 கணினியை உபுண்டுவுடன் வெளியிட்டது. லெனோவோ நிறுவனம் 2020-இல் சில திங்க்பேட் கணினிகளை ஃபெடோராவுடன் விற்கத் தொடங்கியது.

இரண்டாவது, புத்தம் புதியது என்பதற்காக மயங்கக் கூடாது. 2022-ஆம் ஆண்டையொட்டி வந்த சில உயர்ரகக் கணினிகளில், கேமரா ஐ.பி.யு.6 என்னும் புதிய இன்டெல் அமைப்பைச் சார்ந்திருந்தது. விலையோ அதிகம், லினக்ஸில் கேமரா மட்டும் வெகுநாள் வரை சரியாக இயங்கவில்லை!

மூன்றாவது, கேமராவுக்கு மூடியோ விசையோ உண்டா என்று காண வேண்டும். 2021-இல் வெளிவந்த ஃபிரேம்வொர்க் மடிக்கணினியில் கேமராவுக்கும் ஒலிவாங்கிக்கும் தனித்தனி விசைகள் உள்ளன. மென்பொருளின் வாக்குறுதியை விட, நம் விரலால் தள்ளும் விசை நம்பத்தக்கது. அதன் நினைவகத்தையும் சேமிப்பு வட்டையும் நாமே திருகுளியால் கழற்றி மாற்றலாம். பழுது பார்க்க அனுப்பும்போது வட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே!

நான்காவது, ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றிச் சென்று, கடைக்காரரின் அனுமதியுடன் அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா, கைரேகைக் கருவி, மூடித் திறந்தால் விழித்தெழுதல் ஆகியவற்றைச் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம்.

இவ்வளவும் செய்தால் முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடுமா? இல்லை. ஏறத்தாழ 2008 முதல் இன்டெல் கணினிகளில் 'மேனேஜ்மென்ட் எஞ்சின்' என்றொரு குட்டிக் கணினி உள்ளே பொதிந்துள்ளது. அதன் நிரலை நாம் படிக்க இயலாது. 2017-இல் பியூரிசம் என்ற நிறுவனம் தன் மடிக்கணினிகளில் அதை முடக்கி விற்க முன்வந்தது. இன்னும் சில கதவுகளின் சாவி நம் கைக்கு வரவில்லை என்பதே உண்மை.

ஆகவே தோழியரே, பெற்றோரே! கடையில் நிற்கும்போது, "இதன் விலை என்ன?" என்பதோடு நின்றுவிடாமல், "இதன் சாவி யாரிடம்?" என்றும் கேட்போம். அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கும் பொருள், முழுமையாக நம்முடையதாய் இருக்க வேண்டாமா? சிந்திப்போம்!